ஹோமா பேயில் உணவுப் பை வாங்க ஆள் வராதது பற்றி

பையை மருத்துவமனை வாசலில் வைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே தொகையை எம்-பெசாவில் (கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பிப் பாருங்கள். லண்டனிலிருந்து உங்கள் சின்ன அறக்கட்டளை கென்யாவில் எச்ஐவி பாதித்த 40 குடும்பங்களுக்குத் தரும் மாவையும் எண்ணெயையும் வாங்கப் பாதிப் பேர்கூட வரவில்லை என்கிறீர்கள்.

பெரும்பாலும் ஊர் வாய்க்குப் பயம்தான். அறக்கட்டளை பெயர் அச்சடித்த பையோடு தெருவில் நடந்தால் விஷயம் தெரிந்துவிடுமே! இன்னொன்று, உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத எச்ஐவி மாத்திரையைச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். பைக்காக மட்டும் மாதாமாதம் மட்டாட்டு வண்டிக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள்?

எல்லாருக்கும் பணமாக மாற்றும் முன் காரணம் எது என்று தெரிய, அடுத்த மாதம் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் பை கொடுக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். தேவாலயமோ, பெண்களின் சேமிப்புக் குழுவான சாமாவோ போதும். எச்ஐவி இல்லாத ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பையில் பெயர் வேண்டாம். கூட்டம் கூடினால் காரணம் பெரும்பாலும் ஊர் வாய்ப் பயம்தான். கூடாவிட்டால் வண்டிக்காசைப் பற்றி விசாரியுங்கள்.

நீங்களே மாத்திரை வாங்கி அனுப்பும் யோசனை இருந்தால், வேண்டாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் மாத்திரை கிடைக்காமல் போகுமோ என்ற பதற்றம் பலருக்கும் வந்தது, சரி. ஆனால் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். உங்கள் பணம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும்.

எம்-பெசாவிலும் ஒரு சிக்கல்: சில வீடுகளில் எண் கணவர் பெயரில் இருக்கும். முதலில் அந்தப் பெண்ணையே கேளுங்கள். அப்புறம், பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். ஒருவரின் எச்ஐவி விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவது கென்யாவின் 2006 சட்டப்படி குற்றம்.