மூன்று மணி நேரத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் நடுவே ஒரு சமையல் வகுப்பு

வாசகர் கேள்வி: அலுவலக வேலையாக ஐந்து மாதம் வெளிநாட்டில் தங்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியா, ஜப்பானா என்று இன்னும் முடிவாகவில்லை. மாலை நேரமும் சனி, ஞாயிறும் எனக்கு ஓய்வுதான். போகிற ஊரின் சமையலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசை. இணையத்தில் தேடினால் ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கான மூன்று மணி நேர வகுப்பு வருகிறது, இல்லாவிட்டால் ஒன்பது மாத டிப்ளமோ வருகிறது. நடுவில் எதுவும் கிடையாதா? மொழி தெரியாமல் சேரலாமா? விசாவில் சிக்கல் வருமா?

நடுவில் நிறைய இருக்கிறது. நீங்கள் தேடிய மொழியில்தான் இல்லை. ஆங்கிலத்தில் தேடினால் பெரும்பாலும் சுற்றுலா வகுப்புகளே மேலே வந்து நிற்கும். உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து போகிற வகுப்புக்கு ஆங்கிலத்தில் விளம்பரம் எழுத யாருக்கும் அவசியம் இல்லை. ஜெர்மனியில் கோக்குர்ஸ், இத்தாலியில் கோர்சோ தி குச்சீனா, ஜப்பானில் ரியோரி க்யோஷிட்சு. எல்லாம் சமையல் வகுப்புதான். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வருகிற சொல்லை அந்த மொழி எழுத்திலேயே நகலெடுத்து, நீங்கள் தங்கும் பகுதியின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். வரைபடச் செயலியில் தேடினால் இன்னும் நல்லது. வேலை முடிந்து போய்ச் சேர முடியுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஜெர்மனி என்று முடிவானால் உங்கள் பாடு சுலபம். அங்கே ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெரும்பாலும் நகராட்சியோ மாவட்டமோ நடத்தும் பொதுமக்கள் கல்வி நிலையம். நாடு முழுக்க 800-க்கும் மேல் இருக்கின்றன. வயது வந்தோர் கல்வி என்ற பெயரைக் கேட்டு எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மொழி, யோகா, கணக்கு வைப்பு, மரவேலை எல்லாம் நடக்கும், சமையலும் நடக்கும். ஒரே மாலையில் முடிவதும் உண்டு, வாரம் ஒரு மாலை என்று நாலைந்து வாரம் ஓடுவதும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு பருவம்: ஒன்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கும், மற்றது செப்டம்பர் வாக்கில். பட்டியல் சில வாரங்கள் முன்பே வந்துவிடும். சமையல் வகுப்பில் இடம் குறைவு என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சம். அதிலும் பெயர் கொடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் யாராவது விலகுவார்கள். இதற்கு நேர்மாறாக, போதிய ஆள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்வதும் அங்கே வழக்கம். அதனால் ஒன்றையே நம்பி இருக்காமல் இரண்டு பார்த்து வையுங்கள்.

இந்த வகுப்புகளின் அறிவிப்பில் கடைசி வரியைக் கவனியுங்கள். ஏப்ரன், பாத்திரம் துடைக்கும் துணி, மீதியை எடுத்துப்போக ஒரு டப்பா, இவற்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கும். மளிகைச் செலவைக் கட்டணத்தில் சேர்க்காமல் வகுப்பு அன்று ஆசிரியரே ரொக்கமாக வாங்கிக்கொள்வதும் உண்டு. டப்பா கொண்டுவரச் சொல்கிற வகுப்பு என்றால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். அங்கே உண்மையாகவே சமைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் ஏமாந்திருக்கிறேன். புகைப்படங்களைப் பார்த்து மயங்கி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பதினான்கு பேர், நடுவில் ஒரே அடுப்பு. மூன்று மணி நேரத்தில் என் கையால் நடந்த வேலை அரை வெங்காயம் நறுக்கியதும், ஒரு முறை கிளறிவிட்டு அடுத்தவரிடம் கரண்டியைக் கொடுத்ததும்தான். மிச்ச நேரமெல்லாம் வேடிக்கை. சாப்பாடு பிரமாதம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து திரும்பச் செய்யத் தெரியவில்லை. அன்றிலிருந்து பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை: ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் சேரலாம். நான்கு என்றால், ஆளுக்கு ஒரு உணவா அல்லது எல்லாரும் சேர்ந்து ஒன்றா என்று அடுத்த கேள்வி. 'செயல்விளக்கம்' என்ற சொல் அறிவிப்பில் இருந்தால் நீங்கள் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்று பொருள். அதுவும் மோசமில்லை, தெரிந்து சேர்ந்தால் சரி.

ஜப்பானாக இருந்தால் பாதை வேறு. அங்கே எரிவாயு நிறுவனங்களே சமையல் வகுப்பு நடத்துகின்றன. டோக்கியோ காஸ் 1913-லேயே தொடங்கிவிட்டது. அடுப்பு விற்க வேண்டுமென்றால் சமைக்கச் சொல்லித்தர வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. வணிக வளாகங்களில் ஏபிசி குக்கிங் ஸ்டூடியோ போன்ற தொடர் வகுப்புகள் இருக்கின்றன. ஒரு ஆசிரியரைச் சுற்றி நாலைந்து பேர், முதலில் ஒரு சோதனை வகுப்பு, அப்புறம் மொத்தமாகச் சில வகுப்புகளை வாங்கிக்கொள்வது என்று போகும். இங்கே ஒரு எச்சரிக்கை: மொத்தமாக வாங்கும் வகுப்புகளுக்குக் காலாவதி தேதி உண்டா, நடுவில் ஊர் திரும்பினால் மீதிப் பணம் வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்தில் கிளம்புகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோமின்கான் எனப்படும் சமூகக் கூடங்கள் பலவற்றில் சமையல் அறை இருக்கும், அந்தப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சமைப்பார்கள். நகராட்சிகளோடு இணைந்த பன்னாட்டுச் சங்கங்கள் வெளிநாட்டினருக்கென்றே அவ்வப்போது சமையல் சந்திப்பு வைப்பதும் உண்டு. இவை இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை.

பெரிய பெயர்களையும் முழுக்க ஒதுக்க வேண்டாம். 1895-ல் பாரிசில் தொடங்கிய லெ கார்டன் ப்ளூ என்ற சமையல் பள்ளி டிப்ளமோவுக்குத்தான் பேர்போனது; ஆனால் சில மணி நேரம் முதல் சில நாள் வரையிலான பட்டறைகளும் அங்கே உண்டு. அயர்லாந்தின் பாலிமலூ பள்ளியில் 12 வாரப் படிப்போடு அரை நாள், ஒரு நாள் வகுப்புகளும் நடக்கும். கத்தி பிடிப்பது, ஸ்டாக் எனும் சூப்புக்கான அடிப்படைச் சாறு காய்ச்சுவது, மாவு பிசைவது போன்ற அடிப்படைக்கு இவை நல்லவை. வீட்டுச் சமையலுக்கு வீட்டுக்காரர்களிடம்தான் போக வேண்டும். இத்தாலியில் சேசரீனே என்ற அமைப்பு 2004 முதல் வீட்டில் சமைப்பவர்களை இதற்காக ஒருங்கிணைக்கிறது. லண்டனில் மைக்ரேட்ஃபுல், நியூயார்க்கில் லீக் ஆஃப் கிச்சன்ஸ் ஆகிய இரண்டிலும் புலம்பெயர்ந்து வந்தவர்களே ஆசிரியர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். தெரியாமல் சேரலாம். நான் ஒரு சொல்கூடப் புரியாத வகுப்பில் ஆறு வாரம் இருந்திருக்கிறேன். மாவு எப்போது போதும் என்று ஆசிரியை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் என் கையைப் பிடித்து முதலில் அவருடைய உருண்டையில் அழுத்தினார், அப்புறம் என்னுடையதில். என்னுடையது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், புரிந்துவிட்டது. ஆனாலும் போகும் முன் இருபது, முப்பது சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: நறுக்கு, கிளறு, கொதி, தீயைக் குறை, சூடு, போதும். கத்தியும் கொதி எண்ணெயும் இருக்கிற இடத்தில் 'சூடு', 'பின்னால் வருகிறேன்' என்பவை புரியாமல் இருக்கக் கூடாது.

சைவம் என்றாலோ ஏதாவது ஒவ்வாமை இருந்தாலோ அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். தாஷி என்பது ஜப்பானியச் சூப்புக்கு அடிப்படையான சாறு; மீன் சேர்ந்த தாஷி இல்லாமல் அந்தச் சூப்பை எப்படிச் செய்வது என்று அவர்கள் யோசிக்கவே நேரம் வேண்டும். வழக்கமான தாஷியில் காய்ந்த மீன் சீவல் இருக்கும். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி ரென்னட் உண்டு, அதாவது பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். எது கூடாது என்று பட்டியலாக எழுதுங்கள்: இறைச்சி, மீன், மீன் சாறு, எலும்பில் காய்ச்சிய சூப், ஜெலட்டின். தொட மட்டும் சம்மதம், சுவைக்க மாட்டேன் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆசிரியருக்கு மெனு மாற்ற ஒரு வாரமாவது கொடுங்கள்.

விசா: நீங்கள் வேலை அனுமதியில் போகிறீர்கள் என்பதால், மாலையில் பொழுதுபோக்காக எடுக்கும் வகுப்பு பொதுவாகப் பிரச்சினை ஆகாது. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கும் பல நாடுகளில் இடம் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை பி-2 விசாவில் அனுமதிக்கப்பட்டவற்றைச் சொல்லும்போது, விடுமுறையில் போகும் இரண்டு நாள் சமையல் வகுப்பைத்தான் உதாரணமாகவே காட்டுகிறது. பட்டப் படிப்புக் கணக்கில் அது சேரக் கூடாது, அவ்வளவுதான். கனடாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குத் தனிக் கல்வி அனுமதி தேவையில்லை. மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில். "எங்கள் உணவகச் சமையலறையில் சம்பளமில்லாமல் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்று யாராவது அழைப்பார்கள். ஆசையாக இருக்கும். சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான். உங்கள் அனுமதி உங்கள் நிறுவனத்தோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், மனிதவளத் துறையைக் கேட்காமல் அந்தச் சமையலறைக்குள் கால் வைக்காதீர்கள்.

ஐந்து மாதத்தை எப்படிப் பிரிப்பது? முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சுற்றுலா வகுப்புக்கே போங்கள். நான் அதைத் திட்டினாலும், சந்தையைச் சுற்றிக் காட்டுகிற வகுப்பாகப் பார்த்துச் சேர்ந்தால் கடைகளும் பொருட்களின் பெயர்களும் ஒரே காலையில் பிடிபடும். அப்புறம் வாராந்திர வகுப்பு. கடைசி மாதத்தில் புதிதாக எதிலும் சேராமல், கற்றதைத் தங்கும் அறையில் செய்து பாருங்கள். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க அப்போதும் நேரம் இருக்கும்.

நோட்டில் எழுதும்போது 'ஒரு கப்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஜப்பானில் கப் என்றால் 200 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, அமெரிக்காவில் ஏறக்குறைய 240. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. எல்லாவற்றையும் கிராமில் எழுதுங்கள். மாவுப் பையில் மாவின் வகையைக் குறிக்கும் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். ஜெர்மனியில் 405 என்றும் 550 என்றும் போட்டிருக்கும். ஊர் திரும்பி அதே ரொட்டியைச் சுடும்போது, கடையில் எந்த மாவைக் கேட்பது என்பதற்கு அந்தப் படம்தான் ஆதாரம்.