தருமபுரியிலிருந்து மாணவர் ஜெபக்குழுவாக நேபாளத்துக்கு ஊழியப் பயணம்: விசா தவிர வேறு என்ன வேண்டும்?

கேள்வி: "நாங்கள் தருமபுரியில் ஒரு கல்லூரி ஜெபக்குழு. 14 பேர், டிசம்பர் கடைசியில் பத்து நாள் நேபாளம் போய் ஊழியம் செய்ய நினைக்கிறோம். இந்தியருக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். வேறு என்ன தயாரிப்பு வேண்டும்?"

விசா வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிக் கிளம்புகிற குழுக்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் அடையாள அட்டை. நேபாளத்துக்கு ஆதார் பொதுவாகச் செல்லாது. 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் இருப்பவர்களுக்கு மட்டுமே அதை ஏற்பார்கள். உங்கள் வயதுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அதுவும் அசல். போனில் எடுத்த படம், லேமினேட் செய்த நகல் எல்லாம் வேண்டாம். கல்லூரி மாணவர்களில் பாதிப் பேரிடம் ஆதார் மட்டும்தான் இருக்கும். 18 முடிந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காதவர்கள் படிவம் 6 இப்போதே போட வேண்டும். அதைவிட பாஸ்போர்ட் எடுப்பது நல்லது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். இங்கே வழக்கமாக நடக்கிற சிக்கல், ஹாஸ்டல் முகவரி. அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீட்டு முகவரியில் விண்ணப்பிப்பார்கள். போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் நாளில் வீட்டில் இருக்க மாட்டார்கள், விண்ணப்பம் அப்படியே நிற்கும். விமானத்தில் போவதாக இருந்தால் இன்னொன்று: அட்டையில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். அப்பா பெயரை ஒரு இடத்தில் முழுதாகவும் இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்தாகவும் எழுதுகிற நம் பழக்கம் கவுண்டரில் உங்களைத் தனியாக நிறுத்தி வைக்கும்.

அடுத்தது, யாரும் போடாத நாள் கணக்கு. ரயிலில் போனால் சேலத்திலோ ஜோலார்பேட்டையிலோ ரப்திசாகர் ஏறி கோரக்பூர் வரை குறைந்தது இரண்டு இரவு. அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். எல்லை தாண்டி பைரஹவாவிலிருந்து காத்மாண்டுக்கு ஒரு முழுப் பகல் அல்லது ஒரு இரவு. ஆக, போக மூன்றரை நாள், வர மூன்றரை நாள். பத்து நாளில் மீதி மூன்று. அதிலும் டிசம்பர் கடைசியில் உத்தரப் பிரதேசம் முழுக்க மூடுபனி. வண்டி ஆறு மணி நேரம் தாமதமானால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த மூன்று நாளுக்குள் சனிக்கிழமை வர வேண்டும், ஏனென்றால் நேபாளத்தில் பெரும்பாலான சபைகளின் ஆராதனை சனிக்கிழமைதான், வார விடுமுறை அன்று என்பதால். ஞாயிறு காலை போய் இறங்கி "சபை எங்கே?" என்று கேட்கக் கூடாது. காத்மாண்டு பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு எல்லைக்கு அருகே புட்வல் பக்கம் ஒரு சபையோடு பேசினால் இரண்டு நாள் மிச்சம். ஆனால் புட்வலை ஒட்டிய எல்லையோரத் தெராய் சமவெளியிலும் மூடுபனி உண்டு.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான், எனவே 14 பேருக்கு மூன்று டிக்கெட். மூன்று பேர் மூன்று கணக்கில் காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட். என்னைக் கேட்டால் 14 பேரே அதிகம். ஏழு பேர் என்றால் ஒரு ஜீப்பில் அடங்கும், உபசரிக்கும் சபைக்கும் சுமை குறையும்.

      

இப்போது முக்கியமான விஷயம், சட்டம். இதைச் சொன்னால் "விசுவாசக் குறைவு" என்று ஒரு கூட்டமும், "மதமாற்றத்துக்குப் பாடம் நடத்துகிறான்" என்று இன்னொரு கூட்டமும் கமெண்டில் வரும். இரண்டு பேரும் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, பிரிவு 26(3), ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். மாற்றினால் மட்டுமல்ல, முயற்சி செய்தாலும் தூண்டினாலும் குற்றம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடு கடத்தல். விசா வேண்டாம் என்பதால் நாம் அங்கே உள்நாட்டவர் ஆகிவிடுவதில்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோலகா மாவட்டத்தின் சரிகோட்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கான மன ஆறுதல் நிகழ்ச்சியில் இயேசுவின் கதைப் படப் புத்தகம் கொடுத்ததற்காக 2016ல் எட்டுப் பேரைப் பிடித்தார்கள். அந்த டிசம்பரில் விடுதலை ஆனார்கள், சரி. அதுவரை அலைந்தது அவர்கள்தானே. உங்களைப் பிடித்தால் கல்லூரி, பெற்றோர், தூதரகம் என்று ஆள் ஓடும். நீங்கள் ரயில் ஏறிய பிறகு அந்த ஊர்ப் போதகரைக் கூப்பிட்டு விசாரித்தால் அவருக்காக யார் ஓடுவார்கள்?

அதனால் பையில் கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) எடுத்துப் போகாதீர்கள், நேபாளி மொழியில் அச்சிட்டது அறவே வேண்டாம். தெருவில் ஸ்கிட் கூடாது. வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. இங்கே நமக்குப் பழகிய காரியம் என்பதால் அதைத்தான் எல்லாரும் முதலில் திட்டமிடுகிறார்கள். மருத்துவ முகாம் என்றால் வெளிநாட்டு மருத்துவர் நேபாள மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும், நர்சிங் மாணவி மாத்திரை கொடுப்பதெல்லாம் நடக்காது. சுவெட்டர், நோட்டுப் புத்தகம் தானம் கொடுத்து அதே இடத்தில் ஜெபமும் செய்தால் அதற்கு ஆசை காட்டியது என்று பெயர் வைப்பது எளிது. உதவி செய்ய விருப்பம் இருந்தால் சபையிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு, எப்போது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் என்னதான் செய்வது? சபைக்குள், விசுவாசிகளோடு இருங்கள். வாலிபர் கூடுகை, பாடல், வேதபாடம், சுவருக்கு வண்ணம் அடிப்பது, விறகு பிளப்பது. முன்கூட்டியே அங்குள்ள போதகரிடம் "நாங்கள் இதெல்லாம் செய்யலாமா?" என்று கேட்காதீர்கள், விருந்தோம்பலுக்காக எல்லாவற்றுக்கும் சரி என்பார். "உங்களுக்கு என்ன தேவை? எதைச் செய்தால் உங்களுக்குத் தொந்தரவு?" என்று கேளுங்கள். பேசுகிறவர் 20 நிமிடத்துக்குத் தயார் செய்தால் மொழிபெயர்ப்போடு 40 ஆகும்; அதனால் பத்து நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். குழுவில் இந்தி தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். நேபாளிப் பாடல் இரண்டு போதும். அங்குள்ளவர்களை வாட்ஸாப்பில் பாடி அனுப்பச் சொல்லிக் காதால் கேட்டுப் பழகுங்கள், தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் க, த, ப உச்சரிப்பு எல்லாம் கோணும். வணக்கத்துக்கு "ஜெய்மசீ". செருப்பை வெளியே விட்டு, தரையில், ஆண் பெண் தனித்தனியாக உட்காருவது பல சபைகளில் உண்டு. அதில் நமக்குச் சிரமம் இருக்காது.

சாப்பாடு பருப்பும் சோறும், காலை பத்து மணி வாக்கில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. எட்டு மணிக்கு டிபன் வரும் என்று காத்திருந்தால் டீ மட்டும்தான் வரும். ஏழெட்டு வாலிபர்கள் மூன்று நாள் தின்கிற சோறு ஒரு சின்ன சபைக்குப் பெரிய செலவு. அரிசிக்கும் சிலிண்டருக்கும் உள்ள பணத்தை முதல் நாளே, கவரில் வைத்து, போதகர் ஐயாவிடமோ அவர் மனைவியிடமோ தனியாகக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் காணிக்கை மாதிரி மேடையில் கொடுக்க வேண்டாம்.

பணம் 100 ரூபாய் நோட்டாக எடுத்துப் போங்கள். 2018 டிசம்பரில் நேபாளம் அதற்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. விதி தளர்ந்தாலும் தளராவிட்டாலும் சின்னக் கடைக்காரர் 500ஐப் பார்த்தால் தயங்குவார். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், நிலையான விகிதம். விலை கேட்டால் "ஐ.சி.யா, என்.சி.யா" என்று கட்டாயம் கேளுங்கள், இந்தியக் காசா நேபாளக் காசா என்று அர்த்தம். ஃபோன்பே (Fonepay, நேபாளத்துப் பணப் பரிமாற்றச் சேவை, நம் PhonePe அல்ல) கியூ.ஆர். ஒட்டிய கடைகளில் நம் யு.பி.ஐ. ஓடலாம், ஆனால் அதற்கு அங்கே நெட் வேண்டும், அதை நம்பிக் காசில்லாமல் போகாதீர்கள். சிம் அங்கேயே வாங்கலாம், அடையாள அட்டை நகலும் ஒரு போட்டோவும் தேவை. கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள்.

குளிருக்கு ஓசூரில் போடுகிற சுவெட்டர் போதாது. காத்மாண்டில் டிசம்பர் இரவில் இரண்டு மூன்று டிகிரி, வீடுகளில் ஹீட்டர் இருக்காது. உள்ளே ஒட்டிய தெர்மல் ஒன்று, கம்பளிக் குல்லா, மூன்று ஜோடி சாக்ஸ்.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. போகும் முன்பே "மிஷனரி குழு" என்று ஃப்ளெக்ஸ் அடித்து, ஒவ்வொருவர் முகத்தையும் போட்டு, ஊர் பெயரோடு பேஸ்புக்கில் போடுகிறார்கள். 1895ல் கிருஷ்ணகிரியில் மிஷனைத் தொடங்கிய லுத்தரன் மிஷனரி தியோடர் நேதர் 1904ல் அங்கேயே இறந்தார். "மிஷனரி" என்ற அந்தப் பெயரை மூன்று நாளுக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கொஞ்சம் யோசியுங்கள். படம் எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். நேபாள விசுவாசிகள் முகம், சபைப் பலகை, ஞானஸ்நானம் எதுவும் வலைத்தளத்தில் வரக் கூடாது. ஆதரவு கொடுத்தவர்களுக்கு அறிக்கை வேண்டுமென்றால் திரும்பி வந்து சபையில் வாயால் சொல்லுங்கள். மொத்தச் செலவுக் கணக்கையும் அன்றே வாசித்துவிடுங்கள், மீதிப் பணம் இருந்தால் எவ்வளவு என்பதோடு.