ரோட்டுக்கும் கோர்ட்டுக்கும் ஒரே ஷூ தாங்குமா?

கேள்வி: அண்ணே, காலைல தார் ரோட்ல ஓடுறேன், சாயங்காலம் மரத்தரை கோர்ட்ல பேட்மின்டன், ரெண்டுக்கும் ஒரே பேட்மின்டன் ஷூதான். நாலு மாசத்துல அடி வழவழன்னு ஆகி, சட்டுனு திரும்பினா வழுக்குது. நல்லா பிடிக்கணும், ரொம்ப நாள் உழைக்கணும், அப்படி ஒரு சோல் சொல்லுங்க.

பதில்: தம்பி, ரெண்டையும் முழுசா தர்ற சோல் கிடையாது. ரப்பர் பிடிக்கணும்னா தரையோட பொடிப்பொடி மேடுபள்ளத்துல அழுந்தி உக்காரணும், அதுக்கு அது மெத்துனு இருக்கணும், ஆனா அந்த மெத்து ரப்பரைத்தான் தார் ரோட்டு ஜல்லி அரம் மாதிரி ராவிடும். உங்க ஷூல இருக்குற தேன் கலர் கம் சோல் வழவழப்பான தரைக்குன்னே செஞ்சது, அதைப் போட்டு ரோட்ல ஓடினா நாலு மாசம் தாங்குனதே பெருசு.

ரன்னிங் ஷூவத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் குதிகால் பக்கம் கெட்டியான கருப்பு ரப்பர் இருக்கும், டயர்ல கலக்குற அதே கார்பன் பிளாக் கலந்தது, தேய்மானம் கம்மி. முன்பாதத்துல காத்துக்குமிழ் விட்ட ப்ளோன் ரப்பர், லேசா மெத்துனு இருக்கும், ஆனா சீக்கிரம் தேயும். வெறும் கலருக்காகவும் கருப்பாக்குவாங்க, அதனால நகத்தால அழுத்திப் பாருங்க, எங்க கெட்டி எங்க மெத்துனு தெரிஞ்சிடும். ரப்பரே இல்லாம ஃபோம் நேரா தரைல படுற மாடலும் இருக்கு, தினமும் ஓடுறவங்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

ஆழமான பள்ளம் வெட்டின சோல்னா நல்லா பிடிக்கும்னு கடைல சொல்வாங்க, அது சேத்துக்கும் மலைக்கும்தான். 1935ல ஆல்ப்ஸ்ல கூட வந்த ஆறு பேர் செத்துப்போனப்புறம், இத்தாலி மலையேறி விட்டாலே பிரமானி 1937ல கொண்டுவந்த வைப்ரம் சோல் அந்த வகை. மரத்தரைல ரப்பர் எவ்வளவு படுதோ அவ்வளவு பிடி, அதனால அங்க ஆழம் கம்மியான டிசைன்தான் சரி. நான்-மார்க்கிங்னு போட்டிருந்தா தரைல கோடு விழாதுன்னு மட்டும்தான் அர்த்தம், அதை வச்சு பிடிமானத்தை முடிவு பண்ணாதீங்க.

இப்ப இருக்குற ஷூவ ஈரத்துணியால துடைச்சுட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்க, பாதி நேரம் தூசிதான் வழுக்கும். ஆனா கட்டைவிரலுக்குக் கீழ டிசைன் மழுங்கிப் போயிருந்தா மாத்திடுங்க, வழுக்கி முட்டி திரும்பிச்சுன்னா ஷூ காசைவிட பல மடங்கு செலவு. ரெண்டு ஷூவும் ஒரேயடியா வாங்க காசு பிரச்சனைன்னா ஓட்டத்துக்கு முதல்ல ஒரு சாதா ரன்னிங் ஷூ வாங்குங்க, ஆனா அதைப் போட்டு பேட்மின்டன் ஆடவே ஆடாதீங்க, குதிகால் உசரமா இருக்கும், பக்கவாட்டுல பாய்ஞ்சா கணுக்கால் மடங்கிடும். கோர்ட் ஷூவ பைல எடுத்துட்டுப் போய் ஹால் உள்ள மாத்திக்கங்க. வெயில்ல நிக்குற பைக் பாக்ஸுக்குள்ள வைக்காதீங்க, சூட்டுல ரப்பர் இறுகி பிடிமானம் போயிடும்.