முட்டை காக்கும் காலத்தில் பாஸ் மீனைப் பிடித்துத் திரும்ப விட அனுமதிக்கலாமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தெற்குப் பக்க ஏரிகள் பலவற்றில் ஜூன் பாதி தாண்டும்வரை பாஸ் மீன் பிடிக்க விடமாட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நியூ யோர்க்கில், பிடித்ததை உடனே தண்ணீரில் விட்டுவிடுவதாக இருந்தால் வசந்த காலத்திலும் பிடிக்கலாம். "நானும் கொல்லப்போவதில்லை, ஒரு படம் எடுத்துவிட்டு விடப்போகிறேன், இங்கே மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?" என்பது உங்கள் கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆண் மீன் கூட்டில் நிற்கும் அந்த ஐந்தாறு வாரங்களுக்கு அனுமதிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. பிடித்து விடுவதன்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சீசன் திறந்த பிறகு நான் பிடிக்கும் பாஸில் பெரும்பாலானவை திரும்பவும் ஏரிக்குத்தான் போகின்றன. கூட்டில் நிற்கும் மீன் விஷயத்தில் மட்டும் அந்த முறை பலிப்பதில்லை. அந்த நேரத்தில் அது என்ன வேலையில் இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

மே மாதத்தில் கரையோரத் தண்ணீர் 15 பாகை செல்சியஸை நெருங்கும்போது ஸ்மால்மவுத் வகைப் பாஸின் ஆண்கள் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் வரும். இன்னும் கொஞ்சம் சூடு ஏறியபின் மற்ற வகையான லார்ஜ்மவுத், களை அடர்ந்த அமைதியான குடாக்களுக்கு வரும். இடம் பார்ப்பது ஆண்தான். பெரிய கல்லோ விழுந்த மரமோ பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து, வாலால் அடித்து அடித்து மண்ணை விலக்கி, இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வட்டமாகச் சுத்தம் செய்யும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாமே தகப்பன் பொறுப்பு. செட்டையை அசைத்து முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், சேறு படியாமல் பார்க்க வேண்டும், சன்ஃபிஷ், ராக் பாஸ், பேர்ச், கிரேஃபிஷ் என்று வருகிற எல்லாவற்றையும் துரத்த வேண்டும். முட்டை பொரித்துக் கறுப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே நீந்தத் தொடங்கிய பிறகும் கூடவே திரியும். எல்லாம் சேர்த்து ஒரு மாதம்வரை இழுக்கும். அவ்வளவு நாளும் அது ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

ஊரில் குளத்தில் விரால் பிடித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போகும். அதற்கு நேர் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். அந்தத் திரளுக்கு நடுவில் தவளையைப் போட்டால் வயிறு நிறைந்திருந்தாலும் பாய்ந்து அடிக்கும். பாஸும் அதேதான். கூட்டுக்குள் விழுகிற ரப்பர் புழுவை அது தின்ன எடுப்பதில்லை. வாயால் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்பப் பார்க்கிறது. மற்ற மாதங்களில் நாள் முழுக்க வீசியும் ஏமாற்ற முடியாத பெரிய மீன், மே கடைசியில் முதல் வீச்சிலேயே மாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, மாட்டிவிட்டது. இனி கூட்டைப் பாருங்கள். கவார்த்தா ஏரிகள் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டேஜில், டொக்கின் (மரப் படகுத்துறையின்) ஓரமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, போலரைஸ்டு கண்ணாடி போட்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன். இடுப்பளவு தண்ணீர். சுற்றிலும் பழுப்புத் தரை, நடுவில் வெளிறிய வட்டம், அதன்மேல் ஒரு லார்ஜ்மவுத். சன்ஃபிஷ்கள் ஆறடி தூரத்தில் வரிசையாகக் காத்து நிற்கின்றன. ஏதாவது ஒன்று முன்னே வந்தால் பாஸ் பாய்கிறது, அது பின்வாங்குகிறது, பாஸ் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறது. ஒரு தடவை ஒன்றைக் கொஞ்சம் அதிக தூரம் துரத்திக்கொண்டு போய்விட்டது. அந்தச் சில நொடிக்குள் மற்றவை உள்ளே புகுந்து, தலை கீழாக, வால் மேலாக நின்று கொத்தத் தொடங்கிவிட்டன. தகப்பன் திரும்பி வந்ததும் சிதறின.

துரத்தப் போய் வரும் இடைவெளிக்கே இப்படி என்றால், தூண்டிலில் மாட்டி, இழுபட்டு, படகில் ஏறி, தாடையைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுக்கப்பட்டு, களைத்துப்போய்த் திரும்பி வரும் நேரத்துக்கு என்ன ஆகும்? நீங்கள் விட்ட மீன் உயிரோடுதான் போகிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது போய்ச் சேரும்போது காக்க ஒன்றும் மிஞ்சாமல் இருக்கலாம். முட்டை பெருமளவு குறைந்துவிட்டால் அந்த மீன் கூட்டையே கைவிட்டுவிடும். மிச்சமும் அதோடு போச்சு.

இது என் டொக் அனுபவம் மட்டும் இல்லை. கிங்ஸ்டன் நகருக்கு வடக்கே ஒப்பினிகன் என்று ஒரு ஏரி இருக்கிறது. குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் அங்கேதான். ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்பும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பகுதி ஏரிகளில் மூச்சுக்குழாய் மாட்டி நீந்தி, கூடு கூடாகப் பார்த்து, எந்தக் கூடு தேறியது எது கைவிடப்பட்டது என்று பல வருடங்கள் குறித்திருக்கிறார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, பிடித்து விடப்பட்ட ஆண்கள் கூட்டைக் கைவிடுவது தொந்தரவு படாத ஆண்களைவிட அதிகம் என்று காட்டியது. வெளியே வைத்திருக்கும் நேரம் கூடக்கூட நிலைமை மோசமாகும். போட்டிகளில் செய்வதுபோல் படகுத் தொட்டியில் வைத்து வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டால், கூட்டுக்கு நம்பிக்கையே இல்லை.

பேரேரிகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ரவுண்ட் கோபி என்ற சின்ன மீன், கருங்கடல், கஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரோடு வந்து, 1990இல் சென் கிளேர் ஆற்றில் முதலில் தென்பட்டது. இன்று ஈரி ஏரியில் அது இல்லாத கல் இல்லை. ஸ்மால்மவுத் ஆணைப் பிடித்து எடுத்தால் கூட்டுக்கு என்ன நடக்கிறது என்று அந்த ஏரியில் சோதித்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள். தகப்பன் நிற்கும்வரை கோபிகளுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அவனை எடுத்த சில நிமிடங்களிலேயே கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போகின்றன.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது வலுவில்லாத பக்கம் இல்லை. நியூ யோர்க் 2006இல் வசந்த காலப் பிடித்து விடும் சீசனைத் திறந்தது. செயற்கை இரை மட்டும்தான் போடலாம், சில நீர்நிலைகளுக்கு விலக்கு உண்டு. அதற்குப் பிறகு ஒனைடா, ஈரி உள்ளிட்ட ஏரிகளில் ஒவ்வொரு வருடமும் தேறும் இளம் பாஸின் அளவை முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். குறைந்ததாகத் தெரியவில்லை. மிச்சிகன் 2015இல் இதே வழியில் போனது. புளோரிடா, டெக்சஸ் பக்கம் வசந்தத் தடை என்ற பேச்சே இல்லை, பாஸுக்கும் பஞ்சமில்லை. ஏன், வடமேற்கு ஒன்ராறியோவின் சில மீன்பிடி மண்டலங்களில்கூட வருடம் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. ஜூன் முடியும்வரை பெரிய மீனை வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டை, அதில் பெரிய மீனாவது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, மற்றதைக் கோடை வெயிலும் குளிர்காலமும் தீர்மானிக்கும், தூண்டில்காரனால் என்ன ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

அந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஒனைடாவும் ஈரியும் பெரிய ஏரிகள். அங்கே எத்தனையோ கூடுகள் யார் கண்ணிலும் படாமலே தேறும். தெற்கு மாநிலங்களில் முட்டையிடும் பருவமும் நீளம், குஞ்சு வளரும் காலமும் நீளம். ஒரு கூடு போனால் இன்னொன்றுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய, சுற்றிலும் கொட்டேஜ் நிறைந்த ஒரு சின்ன ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டத் தோதான கரை கொஞ்சம்தான். நல்ல கண்ணாடியும், ஜிபிஎஸ் பார்த்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் மின் மோட்டாரும் இருந்தால் இரண்டு மூன்று பேர் ஒரு வார இறுதியில் அந்தக் கரை முழுவதையும் தடவிவிடலாம். இலையுதிர் காலத்துக்குள் குஞ்சு ஓரளவு வளர்ந்திருக்காவிட்டால் எங்கள் குளிரைத் தாண்டாது. அதனால் இங்கே முந்திப் பொரிக்கும் கூட்டுக்கு மதிப்பு அதிகம். அல்கொன்குயின் பூங்காவின் ஒப்பியோங்கோ ஏரியில் நடந்த நீண்டகால ஆய்வில், முந்திக் கூடு கட்டுபவை பெரிய ஆண்கள் என்று கண்டிருக்கிறார்கள். நாம் தேடிப் போவதும் அந்தப் பெரிய ஆண்களைத்தான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். ஸ்மால்மவுத் குஞ்சுகளின் மரபணுவை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடித்த ஓர் ஆய்வு 1997இல் வந்தது. கூடு கட்டிய ஆண்களில் ஏறக்குறைய 5 சதவீதத்தின் பிள்ளைகளே அந்த இலையுதிர் காலத்தில் மிஞ்சிய குஞ்சுகளில் பாதிக்கு மேல். யார் அந்த 5 சதவீதம் என்று மேலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. இதோடு 2012இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சுலபமாகத் தூண்டிலில் மாட்டும் குணம் பரம்பரையாக வருவது என்று இலினொய் மாநிலத்து ரிட்ஜ் ஏரி லார்ஜ்மவுத்களை வைத்து ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். அந்த வழிவந்த மீன்களைக் கூட்டில் வைத்துப் பார்த்தபோது, சுலபமாக மாட்டும் ஆண்கள்தான் முட்டையை அதிகக் கவனமாகப் பராமரித்தன, அவற்றின் குஞ்சுகளே அதிகம் தேறின. அதாவது, மே மாதத்துத் தூண்டில் எடுப்பது ஏரியின் நல்ல தகப்பன்களை.

இன்னொன்று, இது அறிவியலில் சேராது, என் மனசு சொல்வது. மற்ற நாட்களில் மீன் பசித்து வரும், நாம் ஏமாற்றுவோம், அது தப்பவும் செய்யும். அதில்தான் இந்த விளையாட்டே இருக்கிறது. கூட்டில் நிற்கும் மீனுக்குத் தப்பிப் போக வழியில்லை. போனால் பிள்ளைகள் போய்விடும். போகமுடியாது என்று தெரிந்த ஒன்றின் முகத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப இரையை ஆட்டுவதை என்னால் திறமை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்காக இப்போதுள்ள விதி அப்படியே இருக்கவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். தளர்த்துவதாக இருந்தால், பனி உருகியதிலிருந்து மே தொடக்கம்வரை தளர்த்தலாம். தண்ணீர் 10 பாகையைத் தொடாதபோது பாஸ் இன்னும் கூட்டுக்கு வந்திருக்காது. அப்போது பிடித்து உடனே விட்டால் எந்தக் குஞ்சும் அநாதையாகாது. பிறகு மே நடுவிலிருந்து ஜூன் மூன்றாவது சனிக்கிழமைவரை முழுசாக மூடலாம். ஒப்பினிகன் ஏரியில் பல பத்தாண்டுகளாக இருப்பதுபோல, முட்டையிடும் குடாக்களை மட்டும் அந்தக் காலத்தில் எல்லா மீன்பிடிப்புக்கும் அடைத்துவைப்பது எனக்கு இன்னும் பிடித்த வழி. ஏனென்றால் "நான் பைக் மீனுக்குத்தான் போடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு பாஸ் கூட்டுக்கு மேலே படகை நிறுத்தி வைத்திருப்பவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். காகிதத்தில் தடை இருந்தும் அவர்களை அது தொடுவதே இல்லை.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்? தடைக்காலத்தில் பாஸைக் குறிவைப்பதே குற்றம், விட்டுவிட்டாலும் குற்றம்தான். தற்செயலாக மாட்டினால் உடனே விடவேண்டும். விதி மண்டலத்துக்கு மண்டலம் மாறும் என்பதால் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள். கிராப்பி, சன்ஃபிஷ், பேர்ச் மூன்றும் பல மண்டலங்களில் அப்போது திறந்திருக்கும், பொரித்தால் மூன்றுமே அருமை. மே மாதத்து விக்டோரியா தின விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கொட்டேஜ் போகிறவர்கள் சின்ன ஹூக்கும் மண்புழுத் துண்டும் போட்டால் போதும், சன்ஃபிஷ் வரிசையாக வரும். அதற்கு நடுவில் ஒரு பாஸ் மாட்டினால் தண்ணீரிலிருந்து தூக்காமலே குறட்டால் ஹூக்கைக் கழற்றி அங்கேயே விடுங்கள், படம் வேண்டாம். அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டொக்கின் மறுபக்கத்துக்குப் போய்விடுங்கள். அது மாட்டிய இடத்தில் திரும்ப இரை போட்டால் அதே பாஸ்தான் திரும்பவும் மாட்டும்.