வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்: வகுப்பறைக் கருவிகள் குறித்துக் கேள்வி பதில்

ஏற்காட்டிலும் சேலத்திலுமாக 27 வருடம் நடுநிலைப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் எடுத்தவன். ஞாயிறு மதியம் முழுக்க இருக்கிறேன், கேளுங்கள். எந்த ஆப் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓமலூர் ஆசிரியை: ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஏன் சார்?

நானும் இதைச் செய்தவன்தான் டீச்சர். ஏற்காட்டில் ஒரு ஜனவரிக் காலை, ஆவி சுருங்குதல் வீடியோ ஓடுகிறது. வெளியே மூடுபனி. நாற்பது பிள்ளைகளின் மூச்சில் சன்னல் கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்து நிற்கிறது. கடைசி பெஞ்சுப் பையன் அதில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். "டேய், திரையைப் பாருடா" என்று அதட்டினேன். பாடம் அவன் விரல் நுனியில் இருந்தது. அது எனக்கு உறைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

மறு வருடம் முதலில் கண்ணாடியைக் காட்டி, "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். பனி உள்ளே வந்துவிட்டது என்றார்கள் பாதிப் பேர். ஒரு பெண் வெளியே ஓடிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. உள்ளே வந்து துடைத்தாள், போனது. வகுப்பே கத்தியது. அப்புறம்தான் வீடியோ, அதுவும் மூன்று நிமிடம். கேள்வி முதலில், வீடியோ பிறகு.

மறுநாள் நினைவில் இருக்க வேண்டுமானால் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள், கேளுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை இதுதான்: ஒரு குழு பத்தியைத் திரும்பப் படித்தது, இன்னொன்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். நாம் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம்.

மேட்டூர் ஆசிரியர்: ஸ்லைடில் பாடத்தை முழுசாகப் போட்டு வாசித்துக் காட்டுகிறேன். சரியா?

வேண்டாம் சார். திரையில் படம் இருக்கட்டும், வாயில் விளக்கம் இருக்கட்டும். அதே வரிகள் இரண்டு பக்கமும் வந்தால் இடைஞ்சல்தான்.

சேலம், பெற்றோர்: ஐந்தாம் வகுப்புக்கு எந்த ஆப் வாங்கலாம்?

முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.

சங்ககிரி ஆசிரியை: பயிற்சியில் பிள்ளைகளைக் காட்சிவழி, செவிவழி, செயல்வழி என்று பிரிக்கச் சொன்னார்கள்.

பிரிக்காதீர்கள். 2008-இல் நான்கு உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, அப்படிப் பிரித்துக் கற்பிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தமிழ்நாட்டு வரைபடத்தைக் காதால் எப்படிக் கற்பது? எந்த வழி என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும்.

வீரபாண்டி ஆசிரியர்: கையில் கால்குலேட்டர் இருக்க, வாய்ப்பாடு மனப்பாடம் எதற்கு?

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் 84-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். எட்டில் ஏழு ஒரு தடவை, மீதி 1. நாலை இறக்கினாள், 14. ஏழு ஏழாக விரல்விட்டு எண்ணினாள். 14 வந்ததும் எதற்கு எண்ணினோம் என்பது மறந்துபோய், மேலே 2 போடாமல் 14 போட்டாள். விடை 114. வகுத்தல் அவளுக்குப் புரியாமல் இல்லை. மனசில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்குத்தான் இடம், அதை விரல் எண்ணிக்கை பிடித்துக்கொண்டது. கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988-இல் எழுதிய அறிதிறன் சுமைக் கோட்பாடு இந்த நெருக்கடியைப் பற்றியதுதான்.

ஆத்தூர் ஆசிரியர்: இவ்வளவு பேசிவிட்டு மனப்பாடத்துக்கு வக்காலத்தா? அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலம் முழுக்க வந்தபோது இதைத்தானே ஒழித்தோம்? ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன சாரம், அதாவது பிள்ளை தானாகச் செய்யும்வரை நாம் கொடுக்கும் தற்காலிகத் துணை, எங்கே போயிற்று?

சாரம் என்ற சொல் வைகாட்ஸ்கியுடையது அல்ல சார். வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976-இல் எழுதியது. செயல்வழிக் கற்றலில் நானும் அட்டைகளோடு தரையில் உட்கார்ந்தவன். பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை கிடைத்ததே, அதற்காகவே கும்பிடலாம். ஆனால் அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணியில் ஒரு படி ஏறியதும் பழைய அட்டையை நான் திரும்ப எடுக்கவைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் விழித்தார்கள். தவறு என்னுடையது.

ஆத்தூர் ஆசிரியர்: புரியாமல் ஒப்பித்தால் கிளிப்பிள்ளைதானே?

புரியாமல் ஒப்பிக்கச் சொன்னேனா? 7 வரிசை, வரிசைக்கு 8 என்று புளியங்கொட்டை அடுக்கட்டும். பாதியாகப் பிரித்தால் 28-ம் 28-ம் என்று பார்க்கட்டும். அப்புறம் கொட்டையை எடுத்துவிடுங்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்க வேண்டாமா? வாய்ப்பாட்டுச் சார்ட் வருடம் முழுக்கச் சுவரில் தொங்கினால் எவன் மனசில் வைப்பான்?

ஆத்தூர் ஆசிரியர்: கொட்டை வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, பாதி வழி வந்துவிட்டீர்கள்.

தாரமங்கலம் ஆசிரியை: ஒரு பையனுக்கு எழுத்துகள் மாறி மாறித் தெரிகின்றன. உதவும் ஆப் உண்டா?

இதற்குக் கோபப்பட மாட்டேன். ஆப் வேண்டாம் டீச்சர். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், இந்த வாரமே அவரிடம் அழைத்துப் போங்கள்.

எடப்பாடி ஆசிரியர்: உடனுக்குடன் சரி, தவறு சொல்லும் புது ஆப்...

புதுசா? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1958-லேயே கற்பிக்கும் இயந்திரம் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். போதும் சார்.

கருமந்துறை ஆசிரியை: எங்கள் மலையில் மழை பெய்தால் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு வெறும் கட்டமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

ஊருக்கு இறங்கும்போது பாடங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கிடக்கட்டும், இதைச் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் பழைய நோட்டில் கிழித்த தாள், மூன்று கேள்வி: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. புத்தகம் பைக்குள். ஐந்து நிமிடம் எழுதியதும் விடையைச் சொல்லிவிடுங்கள், அவர்களே திருத்தட்டும். தாளை வாங்கி மார்க் போடாதீர்கள் டீச்சர். போட்டால் பக்கத்துத் தாளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.