நூலகர் பதில்கள்: காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் பெறுதல்

கேள்வி: நான் படிக்கும் ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் ஒரு ஜப்பானியக் காப்புரிமை குறிப்பிடப்பட்டுள்ளது. நாட்டின் பெயர், 63 என்ற எண், ஒரு சிறு கோடு, அதையடுத்து ஆறு இலக்கங்கள், இவ்வளவுதான் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் தேடியும் அகப்படவில்லை. பணம் கட்டித்தான் வாங்க வேண்டுமா?

பதில்: பணம் கட்டத் தேவையில்லை. நூலகப் பட்டியல் அந்த நூலகம் வாங்கிச் சேர்த்தவற்றுக்கானது. காப்புரிமை ஆவணங்களை அந்தந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகமே வெளியிடுவதால் அவை தனித்தனியாக அதில் ஏறுவதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், ஜப்பானிய அலுவலகத்தின் ஜே-பிளாட்பேட் ஆகிய தளங்களில் மூல ஆவணத்தின் பக்கங்களையே கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். உங்கள் சிக்கல், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் இருக்கிறது.

அந்த 63, ஷோவா எனப்படும் ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக்காலத்தின் ஆண்டு. ஷோவா ஆண்டுடன் 1925-ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். ஆக, உங்கள் ஆவணம் 1988-ஆம் ஆண்டுக்குரியது. 1989 ஜனவரியில் ஹெய்செய் காலம் தொடங்கியபின் வந்தவற்றுக்கு 1988-ஐக் கூட்ட வேண்டும். விண்ணப்ப வெளியீடுகள் பொது ஆண்டு எண்ணுக்கு மாறியது 2000-இல்தான். கட்டுரையாசிரியர்கள் இந்தக் காலப்பெயரின் முதலெழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எஸ்பாஸ்நெட்டிலோ நாட்டுக் குறியான ஜேபி-யை அடுத்து, ஷோவாவுக்கு எஸ் என்றும் ஹெய்செய்க்கு எச் என்றும் எழுத்தைச் சேர்த்து எண்ணை இட்டால்தான் தேடல் நேராகச் சென்று சேரும். இன்னொரு கண்ணியும் உண்டு. அக்காலத்தில் விண்ணப்பம் வெளியிடப்பட்டபோது ஓர் எண்ணும், ஆராயப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டபோது வேறொரு வரிசையில் இன்னோர் எண்ணும் தரப்பட்டன. இரு வரிசைகளும் ஒரே தோற்றம் கொண்டவை என்பதால் ஒரே எண் தொடர்பற்ற இரண்டு ஆவணங்களைச் சுட்டக்கூடும். முதல் பக்கத்தில் உள்ள தலைப்பையும் கண்டுபிடிப்பாளர் பெயரையும் மேற்கோளுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் இறக்கிவிடாதீர்கள்.

ஆவணம் ஜப்பானிய மொழியில் இருக்கும் என்று தயங்க வேண்டாம். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களை எஸ்பாஸ்நெட் ஒரு குடும்பமாகத் தொகுத்துக் காட்டும். அதில் அமெரிக்க அல்லது ஐரோப்பிய உறுப்பினர் இருந்தால் ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம். ஆனால் குடும்ப உறுப்பினர்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதில்லை. எதன்மீது உரிமை கேட்கப்படுகிறது என்று கூறும் உரிமைக் கோரிக்கைகள் நாட்டுக்கு நாடு மாறும். எதைப் படித்தீர்களோ அதன் எண்ணையே மேற்கோளில் தருவதுதான் நேர்மை. நூலகரிடம் கேட்கும்போது பதிப்புரிமையைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்திவிடுங்கள். தமிழில் கண்டுபிடிப்புக்கான உரிமை, நூல் போன்ற படைப்புக்கான பதிப்புரிமை இரண்டுக்குமே காப்புரிமை என்ற சொல் புழங்குவதால் தவறான மேசைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர்.

கேள்வி: எண் ஏதும் தெரியாத நிலையில், பொருளை வைத்துத் தேடுகிறேன். சொற்களை எப்படி மாற்றி இட்டாலும் தொடர்புடைய ஆவணங்கள் வருவதில்லையே?

பதில்: காப்புரிமையை எழுதுபவர்கள் நாம் வழங்கும் பெயரைக் கொண்டு எழுதுவதில்லை. வெல்க்ரோ என்று எல்லோரும் அறிந்த ஒட்டுப்பட்டைக்கு 1955-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையின் எண் 2,717,437. அதன் தலைப்போ, வெல்வெட் வகைத் துணியும் அதை உற்பத்தி செய்யும் முறையும் என்பதாகும். ஒட்டுவது, பிணைப்பது என்று தலைப்பில் தேடியவர் இதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டார். ஆகவே சொல்லால் தொடங்குங்கள். பொருத்தமான ஓர் ஆவணம் கிடைத்ததும் அதன் முதல் பக்கத்தில் அச்சிட்டுள்ள, கண்டுபிடிப்பின் துறையைச் சுட்டும் வகைப்பாட்டுக் குறியை எடுத்துக்கொண்டு அந்தக் குறியால் தேடலைத் தொடருங்கள். ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 முதல் ஒரே கூட்டு வகைப்பாட்டைப் பயன்படுத்துகின்றன; மேற்சொன்ன ஒட்டுப்பட்டைகளுக்கு அதில் உள்ள இடம் ஏ44பி 18/00. பழைய ஆவணங்களுக்கு இது மிகவும் உதவும். அமெரிக்க அலுவலகத்தின் தளத்தில் 2022 வரை முழு உரை 1976 முதல்தான் இருந்தது. அதற்கு முந்தியவற்றை அங்கே எண், தேதி, வகைப்பாடு ஆகியவற்றைக் கொண்டே அணுக முடிந்தது. உங்கள் நூலகம் காப்புரிமைகளுக்கான டெர்வென்ட் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இலவசத் தளங்கள் இருக்கையில் அதற்கு ஏன் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. மூலத் தலைப்பை விட்டுவிட்டு, கண்டுபிடிப்பு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லும் புதிய தலைப்பையும் சுருக்கத்தையும் அங்கே எழுதிச் சேர்க்கிறார்கள் என்பதே என் பதில்.

கேள்வி: ஒரே எண்ணின் முடிவில் ஏ1 என்றும் பி1 என்றும் வருகிறது. எதை எடுக்க வேண்டும்?

பதில்: ஐரோப்பிய ஆவணங்களில் ஏ1 என்பது தேடல் அறிக்கையுடன் (தொடர்புடைய முந்தைய ஆவணங்களின் பட்டியலுடன்) வெளியான விண்ணப்பம், பி1 என்பது வழங்கப்பட்ட காப்புரிமை. தொழில்நுட்ப விவரம் மட்டும் வேண்டுமெனில் முன்னதே போதும். உரிமையின் எல்லையை அறிய வேண்டுமெனில் பின்னதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சென்ற மாதம் அளிக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தை நூலகம் பெற்றுத் தருமா?

பதில்: தராது. விண்ணப்பங்கள் பொதுவாக முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து, 18 மாதங்கள் கழிந்த பின்னரே வெளியாகின்றன. அதுவரை எந்த நூலகத்துக்கும் அது எட்டாது. அமெரிக்காவில் 2000 நவம்பர் 29-க்கு முன் அளிக்கப்பட்ட விண்ணப்பங்கள், காப்புரிமை வழங்கப்பட்டால் மட்டுமே வெளியாயின. எனவே அக்காலக் கட்டுரையொன்று அமெரிக்க விண்ணப்ப எண்ணை மட்டும் சுட்டினால், அதே கண்டுபிடிப்பு வேறு நாட்டில் வெளியாகியிருக்கிறதா என்று குடும்பப் பட்டியலில் பாருங்கள்.