பிளேட் ரன்னர் ஆல்பம்: உங்ககிட்ட இருக்கறது வேற ரெக்கார்டு

ப்ரோ, பிளேட் ரன்னர் ஆல்பம் வாங்கினேன், படத்துல கேட்ட அந்த சிந்த் (சிந்தசைசர் கீபோர்டு) சத்தமே இல்ல, ஹெட்போன் சரியில்லையான்னு கேட்டிருக்கீங்க. ஹெட்போன் மேல பழி போடாதீங்க, கவர்ல நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரான்னு இருக்கா பாருங்க. 1982ல படம் வந்தப்ப அதோட இசையமைப்பாளர் வாஞ்சலிஸ் பண்ணின ஒரிஜினல் ஆல்பமா வரல, அதுக்குப் பதிலா அதையே ஆர்கெஸ்ட்ரா வச்சு வாசிச்சு வித்தாங்க. ஒரிஜினல் வெளிய வந்ததே 1994லதான், அதைத் தேடி வாங்குங்க.

ஆனா இப்பவே சொல்லிடறேன், அதுல முதல் ட்ராக்லயே படத்தோட ஹீரோ ஹாரிசன் ஃபோர்டு பேச ஆரம்பிச்சிடுவாரு, அங்கங்க படத்தோட டயலாக் கலந்திருக்கும். எனக்கு அது கொஞ்சம் தொல்லைதான்.

படம் இல்லாம இந்த இசை தனியா நிக்குமான்னா, அதுல பிளேட் ரன்னர் ப்ளூஸ்ங்கற ட்ராக்கைப் போடுங்க, கிட்டத்தட்ட 9 நிமிஷம், பெருசா ஒண்ணும் நடக்காது, ஆனா ஒவ்வொரு நோட்டும் ஆரம்பிச்ச மாதிரி முடியாது, நடுவுல வீங்கும், லேசா நடுங்கும், அப்புறம் வழுக்கிட்டுப் போகும். வாஞ்சலிஸ் வாசிச்ச யமஹா சிஎஸ்-80 சிந்த்ல கீயை அடிச்சதுக்கப்புறம் இன்னும் அழுத்தினா அந்த ஒரு நோட்டு மட்டும் மாறும், அதான் மெஷின் மாதிரியே இல்லாம யாரோ மூச்சு விட்டு ஊதற மாதிரி கேக்குது. எண்ட் டைட்டில்ஸ் ட்ராக்கை மட்டும் சவுண்டு ஏத்தி வச்சு ஸ்பீக்கர்ல கேளுங்க, அந்த பேஸ் ஓட்டம் ஹெட்போன்ல பாதிதான் வருது.